வேளாங்கண்ணிக்கு வடக்கா, தெற்கா?

காவிரி டெல்டாவில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பயணம் கிளம்புகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாமல்லபுரம் பக்கம் போல இங்கே கார் ஜன்னலோடு கடல் கூடவே வராது. சாலை கரையை விட்டு உள்வாங்கி, வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஓடுகிறது. கடல் வேண்டுமென்றால் ஊருக்கு ஊர் இடப்பக்கம் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கையில் ஒரே நாள்தான் என்றால் எங்கே திரும்புவது? சீர்காழியிலிருந்து வேளாங்கண்ணி வரை ஒரு வழி. வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை, மனோரா என்று போவது இன்னொரு வழி. இரண்டிலும் பலமுறை போயிருக்கிறேன்.

வடக்கு வழியில் ஊர்கள் நெருக்கம். பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகை என்று அரை மணிக்கு ஒரு ஊர் வந்துவிடும். சாப்பாடு, கழிப்பறை, மருந்துக்கடை எதற்கும் அலைய வேண்டியதில்லை. வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். பார்க்கவும் நிறைய இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, அதன் பக்கத்திலேயே அலை வந்து தின்ற மாசிலாமணிநாதர் கோயில். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது. அங்கே கடைத்தெருவில் சூடான ‘இறால் வாடா’ (இறால் வைத்துப் பொரித்த பலகாரம்) கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் இந்த வழியில் என்னை நிறுத்தியது பூம்புகார் முகத்துவாரம்தான். முக்கொம்பில் அகண்டு கிடக்கும் காவிரி, கிளை கிளையாகப் பிரிந்து வயல்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மேலையூர் கடையணையைத் தாண்டி இங்கே வரும்போது ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான் இருக்கிறது. கோடையில் போனால் மணல் திட்டு வாயை அடைத்திருக்கும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு, ஆடிப்பெருக்கை ஒட்டிப் போனால் ஆறு கடலில் சேர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்காகவே ஒருமுறை போகலாம்.

குறை என்னவென்றால் வண்டிகளின் நெரிசல். லாரி, பஸ், ஆங்காங்கே சாலை வேலை. செப்டம்பர் 8 வேளாங்கண்ணித் திருவிழாவை ஒட்டிய நாட்களில் பாதயாத்திரை கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அப்போது இது பயணத்துக்கான சாலையே இல்லை.

சரி, தெற்கு. வேளாங்கண்ணி தாண்டியதும் சாலை சட்டென்று காலியாகிவிடும். ஹோட்டல் குறைவு, அதனால் டேங்கையும் வயிற்றையும் முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளுங்கள். தை மாதமென்றால் அறுத்த நெல்லைச் சாலையிலேயே காயப்போட்டிருப்பார்கள், வேகம் எடுக்க முடியாது. எடுக்கவும் வேண்டாம்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். இன்றைக்கும் உப்பளம்தான் ஊர். வண்டியை ஓரம் கட்டிவிட்டு வரப்பில் கொஞ்சம் நடந்து பாருங்கள். பாத்தித் தண்ணீர் மேல் மெல்லிய ஏடு போல உப்பு படிந்திருக்கும். பலகை வைத்த நீளக் கம்பால் அதை இழுத்து இழுத்து வரப்பில் குவிக்கிறார்கள். வெள்ளை நிலத்தில் வெயில் பட்டு முகத்தில் அடிக்கும், உதட்டை நக்கினால் கரிக்கும். பத்து நிமிஷத்தில் நமக்குக் கண் கூசுகிறது, அவர்களோ நாள் முழுக்க அதிலேயே நிற்கிறார்கள்.

அப்புறம் கோடியக்கரை. கிழக்கைப் பார்த்து வந்த கரை இங்கேதான் மேற்கே திரும்புகிறது. அலை அடிக்கும் வங்கக்கடல் பின்னால் போய், குளம் போல அடங்கிய பாக் நீரிணை முன்னால் வந்துவிடும். காட்டை ஒட்டிய புல்வெளியில் வெளிமான்கள் மேயும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் சதுப்பில் பூநாரைகள் நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டது. பட்டுக்கோட்டை வரை தென்னந்தோப்புகள் தோப்போடு விழுந்தன. இப்போது அதே வழியில் இளம் தென்னைகளைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில்தான் போக முடியும். காற்றையும் நீர்மட்டத்தையும் பொறுத்துத்தான் விடுவார்கள். முன்கூட்டியே வனத்துறையில் கேட்டுவிடுங்கள், கேட்காமல் போய் ஏமாந்து திரும்பியிருக்கிறேன். சேற்றில் ஆணி அடித்தது போல நிற்கும் மூச்சுவேர்களைப் பக்கத்தில் பார்த்தால், புயலுக்கு முன்னால் நின்று கரையைக் காப்பது எது என்று குழந்தைக்கும் புரியும். மனோராவுக்கு அதிக நேரம் வேண்டாம், சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்குக் கோபுரத்தடியில் உட்கார்ந்து அலையில்லாக் கடலைப் பார்த்தால் போதும்.

என்னைக் கேட்டால் தெற்குதான். ஊர்களையும் கட்டடங்களையும் பார்க்க வடக்கு நல்லது. கடலும் மண்ணும் சேர்ந்து இந்த டெல்டாவை என்ன செய்திருக்கின்றன என்று பார்க்கத் தெற்கே போக வேண்டும். நான் போவது ஜனவரிக் கடைசியில். பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, உப்பு வேலையும் தொடங்கியிருக்கும். முதல் நாள் இரவு வேளாங்கண்ணியில் தங்கி, இருட்டு பிரிவதற்கு முன் கிளம்பினால், வெயில் ஏறி மான்கள் நிழலுக்குள் ஒதுங்குவதற்குள் கோடியக்கரை போய்ச் சேர்ந்துவிடலாம்.