மரக் கேட் கொண்டிக்கு 'சர்வீஸ்' என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

நாகர்கோவில் பக்கம் மரக் கேட் போட்ட வீடுகள், அதிலும் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள், இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கொண்டி சரியாக விழவில்லை, கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாருங்கள் என்று கூப்பிட்ட வேலைக்கு என் அம்மாவிடம் 3,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அது போக, நல்ல பித்தளைக் கொண்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, துருப்பிடிக்கிற ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெயர் போடவில்லை. இதே வித்தையைப் பலர் செய்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

வீட்டு முன்வாசலில் இரும்பு கேட். பக்கத்துத் தோட்டத்துக்கு மட்டும் அயினிப் பலகையில் செய்த ஒற்றைக் கதவு, தாத்தா காலத்தது. அதில் இருந்தது வார்ப்புப் பித்தளைக் கொண்டி. வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் உள்பக்கச் சட்டம் எழும்பும், விட்டால் தன் பாரத்திலேயே, தூணில் அதைத் தாங்கிப் பிடிக்கிற நாதாங்கியின் பள்ளத்தில் 'டக்'கென்று விழும். ஸ்பிரிங் கிடையாது. கெட்டுப்போவதற்கு அதில் பெரிதாக ஒன்றுமே இல்லை. ஆடி மாதச் சாரல் பிடித்த பிறகு சட்டம் பள்ளத்தில் விழாமல் விளிம்பிலேயே முட்டி நின்றது. கதவு சாத்தின மாதிரி இருக்கும், சாத்தியிருக்காது. ஆடு புகுந்து செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டுப் போனது. அம்மா கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருந்த 'அனைத்து வீட்டு வேலைகளும்' நம்பருக்கு போன் போட்டார்.

வந்தவர்கள் இரண்டு பேர். முதலில் ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் கொண்டி முழுக்க அடித்தார்கள். சட்டம் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போனது. கதவைச் சாத்தினால் மறுபடியும் விழவில்லை. "பாத்தீங்களாம்மா, ஆயில் விட்டும் நிக்கல. இதோட லைஃப் முடிஞ்சு போச்சு" என்றார் பெரியவர். மொத்த ஏமாற்றும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. எண்ணெயால் தீராத கோளாறுக்கு எண்ணெய் விட்டுக் காட்டி, அது தீரவில்லை என்பதையே கொண்டி செத்துப்போனதற்குச் சாட்சியாக்கிவிட்டார்.

அடுத்து காந்த வித்தை. புதுக் கொண்டி ஒன்றை எடுத்து, அதில் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்கள், அசல் எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்), கடல் காற்றுக்கும் துருவே பிடிக்காது என்றார். காந்தம் ஒட்டாதது உண்மைதான். ஆனால் 304 ரகத்திலும் ஒட்டாது, மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். வீட்டுக்குள் மாட்ட அது பரவாயில்லை, உப்புக் காற்றில் நிற்காது. ஒட்டினால் சந்தேகப்படலாம், ஒட்டாததை வைத்து மட்டும் நம்ப முடியாது. உண்மையாகவே கடலோர வீடு என்றால் மாலிப்டினம் சேர்ந்த 316தான் கேட்க வேண்டும், விலை கூடத்தான் இருக்கும். எங்கள் கொண்டியில் ஐப்பசிக்குள்ளேயே பழுப்புப் புள்ளி வந்துவிட்டது. கிரில் பட்டறையில் கொடுத்தேன், அவர்கள் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, பேட்டரி முனையைத் தொட்டு, நிறம் மாறுவதைக் காட்டி 202 என்றார்கள்.

அந்தக் கொண்டியைப் பிடித்திருந்த திருகுகள் எஸ்.எஸ். கூட இல்லை. மஞ்சள் முலாம் பூசிய அரை இஞ்சு இரும்புத் திருகுகள். அவற்றின் தலையிலிருந்துதான் துருத் தண்ணீர் ஒழுகிப் பலகையில் கோடு விழுந்திருந்தது.

இதோடு விட்டிருக்கலாம். கதவு நிலையில் உரசுகிறது என்று சொல்லி, சாரலில் ஊறி உப்பியிருந்த மரத்தின் விளிம்பை இழைப்புளி போட்டுச் சீவித் தள்ளியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் மரம் குறுக்குவாட்டில் உப்பும், வெயிலில் சுருங்கும். எந்த ஆசாரியும் உப்பின நேரத்தில் அப்படிச் சீவ மாட்டார். இப்போது பங்குனி வெயிலில் கதவுக்கும் தூணுக்கும் நடுவே என் விரல் போகிறது. புதுக் கொண்டியின் நாக்கு நாதாங்கியில் நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நிற்க, காற்றடித்தால் கதவு தானாகத் திறக்கிறது. கீல்களுக்கு 'கிரீஸ்' என்று பில்லில் போட்டிருப்பது வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயில். அம்மாவின் புடவையில் கறை இன்னும் போகவில்லை.

அசல் கோளாறு என்ன என்பதை எங்கள் பழைய ஆசாரிதான் கண்டுபிடித்தார். தூணில் பதிந்திருந்த பழைய நாதாங்கியை மட்டும் அவர்களால் கழற்ற முடியவில்லை. திருகின் தலையைச் சிதைத்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். ஆசாரி அதைத் தடவிப் பார்த்து, "இங்க பாருங்க தம்பி" என்றார். பித்தளை முழுக்கக் கறுத்திருக்க, பள்ளத்துக்கு நாலைந்து மில்லிமீட்டர் கீழே, கீழ் உதட்டில் மட்டும் நகத்தால் கீறின மாதிரி ஒரு பளபளக்கும் கோடு. சட்டம் வந்து முட்டிய இடம் அது. கொண்டி பழுதில்லை, கதவே தொங்கியிருக்கிறது. மேல் கீலைப் பிடித்து ஆட்டினார், ஆடியது. திருகுத் துளைகள் மழையில் இற்றுப்போயிருந்தன. மூங்கில் சீவலை ஃபெவிகாலில் தோய்த்துத் துளைகளில் அடித்து, காய விட்டு, ஒன்றரை இஞ்சு திருகு போட்டு இறுக்கினார். கதவு பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. இதற்கு அவர் வாங்கிய கூலி 500 ரூபாய். சீவிய பக்கத்துக்கு ஒரு பட்டை வைத்து ஒட்டித் தருவது தனிக் கணக்கு.

ஆகவே உங்கள் வீட்டுக் கொண்டி விழவில்லையென்றால், யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், கதவின் கொண்டிப் பக்க முனையை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாத்திப் பாருங்கள். விழுந்துவிட்டால் கோளாறு கீலில். எண்ணெயும் வேண்டாம், புதுக் கொண்டியும் வேண்டாம். இன்னும் சந்தேகமிருந்தால் சட்டத்தின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு மெதுவாகச் சாத்துங்கள், எங்கே முட்டுகிறதோ அங்கே வெள்ளை படும். கதவைச் சாத்தாமல் சட்டத்தை மட்டும் விரலால் தூக்கிவிட்டாலே அது விழாமல் பாதியில் நிற்கிறது என்றால் மட்டும்தான் அது எண்ணெய் கேட்கிற கொண்டி.

எண்ணெய் விடுவதும் நாமே செய்யக்கூடிய வேலைதான். நம் ஊரில் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய்க்கு. வேண்டாம். நாளடைவில் பிசின் மாதிரி ஆகிவிடும், எறும்பும் வரும். கெட்டி கிரீஸும் திறந்தவெளிக் கொண்டிக்கு ஆகாது. தூசியும் மணலும் அதில் ஒட்டி, உப்புத்தாள் போலத் தேய்க்கும். டபிள்யூடி-40 மாதிரியான ஸ்ப்ரேக்கள் இறுகிப்போனதை இளக்கவும், அழுக்கை எடுக்கவும், ஈரத்தை விரட்டவும் நல்லவை. 1953-இல் அமெரிக்காவில் சான் டியாகோவில் அதை உருவாக்கியதே நீரை விரட்டித் துருவைத் தடுக்கத்தான், அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டுக்குப் பூசினார்கள். நம் இரண்டு பருவமழையிலும் நனைகிற கொண்டிக்கு அந்த மெல்லிய படலம் மட்டும் போதாது. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷால் சட்டம் ஆணியில் சுழலுகிற மூட்டைத் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு மூட்டில் விட்டு, சட்டத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, வெளியே கசிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மரத்தில் எண்ணெய் இறங்கினால் பிறகு பெயிண்ட் பிடிக்காது. சட்டம் வந்து உரசுகிற நாதாங்கி உதட்டில் மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்பு. வைகாசிக் கடைசியில் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை.

பித்தளைக் கொண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இரும்புத் திருகு போட விடாதீர்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். பித்தளைத் திருகு மென்மையானது, கெட்டி மரத்தில் நேரே முறுக்கினால் தலை ஒடிந்துவிடும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகை ஒரு தடவை ஏற்றி இறக்கி வழி உண்டாக்கிவிட்டு, பிறகு பித்தளையை ஏற்றச் சொல்லுங்கள். கழற்றின சாமான் எதுவாக இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "பழசை நாங்களே டிஸ்போஸ் பண்ணிடுறோம்" என்று சொன்னது ஏதோ உபகாரம் என்று அம்மா நினைத்திருக்கிறார். வார்ப்புப் பித்தளையை ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் வாங்குகிற கடையில், நல்ல விலைக்கு எடுப்பார்கள்.

பணம் பாதி திரும்பி வந்தது. முதலில் போனை எடுக்கவில்லை, எடுத்தபோது "அம்மா ஒத்துக்கிட்டுத்தானே சார் மாட்டினோம்" என்றார்கள். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்லில் அவர்களே 'எஸ்.எஸ். 304' என்று எழுதியிருந்தது கைகொடுத்தது. அதையும் பட்டறைச் சோதனை வீடியோவையும் அனுப்பி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியப் போகிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது என்று சொன்னதும் அன்று மாலையே 2,000 ரூபாய் ஜிபே-யில் வந்துவிட்டது. மீதிக்குப் புகார் போட்டிருக்கிறேன். பித்தளைக் கொண்டியைக் கேட்டால், அது அப்போதே ஆக்கருக்குப் போய்விட்டதாம்.

நாதாங்கி இன்னும் தூணில்தான் இருக்கிறது. அதற்குப் பொருந்துகிற பழைய பித்தளைக் கொண்டி, சட்டம் சுமார் ஏழு இஞ்சு நீளம், கால் இஞ்சு கனம், வீடு இடித்த சாமான் விற்கிற இடத்தில் யாராவது பார்த்திருந்தால் எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள், நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.