பஸேக்கு குயாத்தே குடும்பத்தின் ‘ஜமா கோ’

பஸேக்கு குயாத்தேயின் வாசிப்பை முதல் தடவை கேட்டபோது எலக்ட்ரிக் கிட்டார் என்றே நினைத்தேன். அது ங்கோனி. மரத்தைக் குடைந்து, தோலை இழுத்துக் கட்டி, நாலைந்து தந்தி பூட்டிய சின்ன வாத்தியம். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டு ஜெலிகள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து வாசித்து வந்தது. ஜெலிகள் என்றால் நம் பாணர்கள் மாதிரி, அரசர் கதையும் குலப் பெருமையும் பாடுகிறவர்கள். அந்தக் குலத்தில் பிறந்த பஸேக்கு குயாத்தே, ங்கோனிக்கு வார் மாட்டித் தோளில் தொங்கவிட்டு எழுந்து நின்றார். அப்புறம் கிட்டார்காரர்கள் காலால் மிதித்து ஒலியை வளைக்கும் வா-வா பெடலையும் சேர்த்தார்.

அவருடைய ‘ங்கோனி பா’ குழுவில் பாடுவது மனைவி அமி சாக்கோ. மகன்களும் வாசிக்கிறார்கள். முதல் ஆல்பம் ‘செகு ப்ளூ’ 2007இல் வந்து பிபிசி ரேடியோ 3 விருது வாங்கியதிலிருந்து ஐரோப்பிய மேடைகள் இவர்களுக்குப் பழக்கம். ஆனால் எனக்குப் பிடித்தது 2013இல் வந்த ‘ஜமா கோ’ ஆல்பம்தான்.

2012 மார்ச்சில் மாலியின் தலைநகர் பமாக்கோவில் ஒலிப்பதிவு தொடங்கிய வேளையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த சில வாரங்களில் நாட்டின் வடக்கு ஆயுதக் குழுக்களின் கைக்குப் போனது, அங்கே இசைக்கே தடை வந்தது. அந்தக் கோபம் ‘நெ மெ ஃபதீக் பா’ பாட்டில் அப்படியே இருக்கிறது. ‘என்னைச் சோர்வடைய வைக்காதே’ என்று அர்த்தம். ங்கோனி பெடல் வழியாக உறுமுகிறது. அந்த உறுமலுக்கு அடியிலும் தோலின் வறண்ட ‘டப்’ ஓசை காதில் விழுகிறது. பழசும் புதுசும் கலந்த இசை என்று பலர் விற்பதில் பழசு ஓரமாக அலங்காரத்துக்கு நிற்கும். இங்கே நவீன சத்தமே அந்தத் தோலிலிருந்துதான் பிறக்கிறது.

‘கெலே மஞி’ பாட்டில் வட மாலி நகரமான திம்புக்துவின் பாடகி கைரா ஆர்பி, அமியோடு சேர்ந்து போர் வேண்டாம் என்று பாடுகிறார். மொழி புரியாமலே எனக்குத் தொண்டை அடைத்தது. அமெரிக்க ப்ளூஸ் பாடகர் தாஜ் மகால் வரும் பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் குடும்பம் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது போல எனக்குப் படுகிறது.

ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். மகன் மாது வாசிக்கும், கீழ்ச்சுருதி தரும் பாஸ் ங்கோனி போன் ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும். அப்பா மேலே பறந்துகொண்டிருக்கும்போது பாட்டைக் கீழே பிடித்து நிறுத்துவது அவர்தான்.