எம்.சி. ரோடு ஜவுளிக்கடையின் ‘அமைதி நேரம்’: காலை பத்துக்குப் போங்க, மாலை ஏழுக்கு வேண்டாம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் காதைப் பொத்தாமல் ஒரு மணி நேரம் துணி எடுக்கலாம் என்று சொன்னால் வடசென்னையில் யாரும் நம்பமாட்டார்கள். வாசலில் ஸ்டூல் மேல் நின்று கைதட்டி “வாங்கக்கா வாங்க, உள்ள வந்து பாருங்க” என்று கூப்பிடுகிறவர், எதிர்க்கடை ஸ்பீக்கர், நடைபாதையில் நைட்டி விற்கிறவரின் ரெக்கார்டு செய்த குரல் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தெரு. அங்கே ஒரு நான்கு மாடிக் கடை, டிவி சேனல் ஒன்றோடு சேர்ந்து ஏப்ரல் 2 முதல் ஒரு வாரம் ‘ஆட்டிசம் விழிப்புணர்வு வாரம்’ நடத்தியது. தினமும் காலை 10 முதல் 11 வரை அமைதி நேரம். மாலை 7 மணிக்கு நீல விளக்கு, மேடை, நேரலை. வாரம் முடிந்துவிட்டது; அமைதி நேரத்தை மட்டும் செவ்வாய்க்கிழமைகளில் தொடர்கிறார்கள். அதனால்தான் இந்த மதிப்புரை. எழுதும் நாங்கள் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள். ஆட்டிசம் என்பது பிறவியிலேயே மூளை வேறு விதமாக அமைந்திருப்பது; சத்தம், வெளிச்சம், தொடுகை எல்லாம் எங்களில் பலருக்குக் கூடுதலாக உறைக்கும். கடைப் பெயரும் சேனல் பெயரும் வேண்டாம் என்று விட்டிருக்கிறோம்.

காலையில் நடந்தது எங்களுக்காக. மாலையில் நடந்தது கேமராவுக்காக. மதிப்பெண்ணையும் தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

காலையில் முதல் வேலையாக ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். இதைப் பாதி மட்டும் செய்து கெடுக்கிற இடங்கள் உண்டு. பாட்டை நிறுத்திவிட்டு “மூணாவது மாடி சுடிதார் செக்‌ஷன், ஒரு ஆள் கீழ வாங்க” என்ற அறிவிப்பை விட்டுவைப்பார்கள். ஒரே சீராக ஓடும் சத்தத்தை ஓரளவு தாங்கலாம். எந்த நொடியில் வெடிக்கும் என்று தெரியாத சத்தம்தான் ஆளைக் கவிழ்க்கும். இங்கே அறிவிப்பும் இல்லை, ஊழியர்கள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக்கொண்டார்கள். கைபேசிச் செயலியில் பார்த்தால் தரைத்தளம் வழக்கமான நேரத்தில் 80 டெசிபலைத் தாண்டுகிறது, அமைதி நேரத்தில் 60-ஐ ஒட்டி நிற்கிறது. கைபேசி மைக்கில் எண் துல்லியமாக வராது. ஆனால் ஒரே கைபேசியில் இரண்டு நேரத்தை ஒப்பிட அது போதும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தெரியும். இது 20.

மிச்சம் இருந்தது வாசலுக்கு மேலே இருக்கும் காற்றுத்திரை மெஷின். தலைக்கு மேல் ‘ஹோ’வென்று இரைந்து, முகத்திலும் காற்றை அடிக்கும். அணைத்தால் ஏசி குளிர்ச்சி தெருவுக்குப் போய்விடும் என்றார்கள், நியாயம்தான். பக்கவாட்டு வாசலில் அந்த மெஷின் கிடையாது. நான்காம் நாள் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள், பிரச்சினை முடிந்தது.

விளக்கில்தான் தடுமாறினார்கள். முதல் நாள் எல்லா எல்இடி விளக்கையும் டிம்மரில் பாதியாகக் குறைத்தார்கள். பார்க்க இதமாக இருக்கும், ஆனால் பல மலிவான டிம்மர்கள் வெளிச்சத்தைக் குறைப்பதே விளக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து அணைத்துப் போட்டுத்தான். பெரும்பாலானவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. எங்களில் சிலருக்குப் பத்து நிமிடத்தில் நெற்றிப்பொட்டில் வலி கிளம்பும். பழைய சோக் டியூப்லைட்டும் இதே கதை: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே அது நொடிக்கு 100 தடவை துடிக்கும். சோதிப்பது சுலபம். கைபேசிக் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைப் படம் பிடியுங்கள். படத்தில் வெளிச்சம் துடித்தாலோ பட்டை பட்டையாக ஓடினாலோ, அந்த விளக்கு ஆகாது. இதைக் காட்டியதும் எலக்ட்ரீஷியன் டிம்மரை முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை விளக்கை அணைத்தார். ஒரு ரூபாய் செலவில்லை. வெளிச்சம் பாதி, துடிப்பு இல்லை.

ஊழியர்கள் விஷயத்தில் முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஜவுளிக்கடையில் எங்களுக்குப் பெரிய தொல்லை பின்னாலேயே வரும் ஆள். “என்ன சார் பாக்குறீங்க, சர்ட்டா பேன்ட்டா, சைஸ் சொல்லுங்க சார்” என்று மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, பதில் யோசிப்பதற்குள் எட்டுச் சட்டையைப் பிரித்துப் போட்டுவிடுவார். அமைதி நேரத்தில் அவர்கள் ரேக் ஓரத்தில் நிற்கிறார்கள், கூப்பிட்டால் வருகிறார்கள். பேசாமல் கையைக் காட்டினாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டாவது மாடியில் ஒருவர் விலையை வாயால் சொல்லவில்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதித் திருப்பிக் காட்டினார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லையாம்.

பில் போடுவதையும் மாற்றியிருக்கிறார்கள். வழக்கமாக ஓர் இடத்தில் பில், இன்னோர் இடத்தில் பணம், மூன்றாவதில் டோக்கன் எண்ணைக் கத்திக் கூப்பிட்டுப் பொட்டலம், வாசலில் ‘டப்’பென்று சீல். அமைதி நேரத்தில் இது எல்லாம் ஒரே மேசையில். ஸ்கேனரின் ‘பீப்’பைக் குறைக்கலாம், பல ஸ்கேனர்களில் செட்டிங்கில் வழி இருக்கிறது, இன்னும் செய்யவில்லை.

நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது நான்காவது மாடி டெய்லரைப் பற்றி. காலர் லேபிளை இலவசமாக எடுத்துத் தருகிறார்கள். முதலில் கத்தரியால் நறுக்கிக் கொடுத்தார்கள். அப்படி நறுக்கினால் தையல் ஓரத்தில் குச்சி மாதிரி ஒரு முனை நிற்கும். லேபிளே தேவலாம் என்று ஆகிவிடும். லேபிளின் இரண்டு ஓரத் தையலையும் ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்து முழுசாக உருவ வேண்டும். லேபிள் காலர் தையலுக்குள்ளேயே சொருகியிருந்தால் அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் பிரித்து, உருவிவிட்டு, திரும்ப ஒரு ஓட்டு ஓட்ட வேண்டும். நூல் பருத்தி நூலாக இருக்கட்டும். நைலான் நூல் முடிச்சு கழுத்தில் முள்ளாகக் குத்தும். ஒரு சட்டைக்கு ஐந்து நிமிட வேலை. சொன்னதும் டெய்லர் புரிந்துகொண்டு அன்றே மாற்றிக்கொண்டார். புதுப் பருத்தித் துணியின் கஞ்சி விறைப்புக்கும் வாசனைக்கும் அவரிடம் மருந்து இல்லை, வீட்டில் இரண்டு அலசு அலச வேண்டியதுதான்.

சறுக்கியது மூன்றாவது மாடி ‘அமைதி அறை’. ட்ரையல் ரூமை ஒட்டிய சின்ன அறை, பீன் பேக், பாய், நல்ல கதவு. ஆனால் உள்ளே மல்லிகை வாசனை ரூம் ஸ்ப்ரே, எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி, போதாக்குறைக்கு ஒரு டிவி. அதில் சேனலின் விழிப்புணர்வுப் படம் சத்தத்தோடு திரும்பத் திரும்ப ஓடியது. அமைதி அறைக்குள் விளம்பரம்! டிவியை இப்போது கழற்றிவிட்டார்கள். ஸ்ப்ரே வாசனை இன்னும் பாயில் இருக்கிறது. இரவலாகக் கொடுக்கும் காது மூடிகளை ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைக்க வேண்டும்; ஏப்ரல் வெயிலில் அதன் ரப்பர் வளையம் பத்து நிமிடத்தில் வியர்வைக் குளம்.

இனி மாலை.

பதிவு மேசையில் ஒரு படிவம். ‘குழந்தையின் பெயர், வயது (3–12), பெற்றோர் கையொப்பம்.’ பெரியவர்களுக்குக் கட்டமே இல்லை. “குழந்தை எங்க சார்?” என்று மேசையில் இருந்த தங்கை கேட்டது தப்பில்லை, அவர் கையில் இருந்த தாள் அப்படி. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பதின்மூன்றாவது பிறந்தநாளில் காணாமல் போவதில்லை, வளர்ந்து கல்யாணத்துக்கு வேட்டி எடுக்க இதே எம்.சி. ரோட்டுக்குத்தான் வருகிறார்கள்.

படிவம் கொடுத்தால் ஒரு பை தருகிறார்கள். நீல ரிப்பன், புதிர்த்துண்டு பேட்ஜ், நீல டி-ஷர்ட், துண்டறிக்கை. டி-ஷர்ட் பாலியஸ்டர், நெஞ்சில் கனமான ரப்பர் பிரிண்ட், கழுத்தில் குத்துகிற லேபிள். காலையில் லேபிளைப் பிரித்துக் கொடுத்த அதே கடை!

ஏழு மணிக்கு முகப்பு முழுக்க நீலம். நீல வெளிச்சத்தில் அரக்குப் புடவை கறுப்பாகத் தெரியும், மஞ்சளும் செத்துப்போகும். ஜவுளி விற்கிறவர்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று புரியவில்லை. இந்த நீலம் வந்த வழியையும் சொல்லிவிடலாம். ஏப்ரல் 2 ஐ.நா. சபை 2007 டிசம்பரில் அறிவித்த நாள். நீலம் ஐ.நா.வுடையதல்ல. அமெரிக்காவின் ‘ஆட்டிசம் ஸ்பீக்ஸ்’ அமைப்பு 2010-இல் தொடங்கிய விளக்குப் பிரசாரம் அது. அந்த அமைப்பை 2005-இல் மனைவியோடு சேர்ந்து தொடங்கிய பாப் ரைட், அப்போது என்பிசி யுனிவர்சல் தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவர். டிவிக்கு எது எடுபடும் என்று தெரிந்தவர்கள் செய்த பிரசாரம்; எடுபட்டது. 2009-இல் அதே அமைப்பு வெளியிட்ட ஒரு வீடியோவில் ஆட்டிசமே வில்லன் குரலில் பேசி, குடும்பங்களைக் குலைத்துவிடுவேன் என்று மிரட்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் கொதித்தார்கள். அதற்கு முன்பே, 2007 டிசம்பரில், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையம் ஆட்டிசமே ஒரு பிள்ளையைக் கடத்திவைத்திருப்பது போல மிரட்டல் கடித விளம்பரம் போட்டது. ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் அமைப்பொன்று மாற்றுத்திறனாளி அமைப்புகளைத் திரட்டி எதிர்த்ததில் அதே மாதம் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆட்டிசத்தின் சின்னமாகப் போடும் புதிர்த்துண்டு இன்னும் பழசு: 1963, பிரிட்டன், முதல் சின்னத்தில் அழும் குழந்தையும் இருந்தது. அதற்குப் பதிலாக எங்களில் பலர் முடிவிலிக் குறியை (∞) வைத்துக்கொள்கிறோம்.

நம்மூர் மேடை அவ்வளவு மோசமில்லை, வேர் மட்டும் அதேதான். பேனரில் ‘ஆட்டிசத்தை வெல்வோம்’. யாரைத் தோற்கடித்து? தொகுப்பாளர் ஒரு அம்மாவிடம் மைக்கை நீட்டி, “இவ்ளோ கஷ்டத்தையும் எப்படிம்மா தாங்குறீங்க?” என்றார். பக்கத்திலேயே, ஸ்பீக்கர் பெட்டிக்குக் கீழே, காதைப் பொத்திக்கொண்டு அந்தப் பையன். கேமரா அவன் முகத்துக்கு நெருங்கியது. பேசாத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று யார் சொன்னது? ஒரு மணி நேர நிகழ்ச்சியில் ஆட்டிசம் உள்ள ஒருவர் கையில்கூட மைக் போகவில்லை.

துண்டறிக்கைதான் உண்மையில் கெடுதல். முன்பக்கம் ‘செல்போனால் வரும் ஆட்டிசம்’. பிறவியிலேயே இருக்கும் மூளை அமைப்பு வித்தியாசத்துக்கு அம்மாவின் கைபேசியைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். பின்பக்கம் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) சிகிச்சை விளம்பரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, குறிப்பிட்ட சில நோய்களுக்கு, முக்கியமாக ரத்த நோய்களுக்கு, செய்யும் மாற்றுச் சிகிச்சை தவிர ஸ்டெம் செல் எல்லாம் ஆய்வு நிலைதான். காசு வாங்கிக்கொண்டு ஆட்டிசத்துக்குச் செய்யக் கூடாது. தண்டையார்பேட்டையில் நகையை அடகு வைக்கும் ஒரு குடும்பத்திடம் இந்தத் தாள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா?

அந்த இடத்தில் அச்சடித்திருக்க வேண்டியது இது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கு அரசு மருத்துவமனையில் பார்க்கும் ‘இசா’ (ISAA) என்ற ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள். மதிப்பெண் 70-க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். எனவே பிள்ளை நன்றாக இருக்கும் நாளை மட்டும் சொல்லாமல் முடியாத நாட்களையும் எழுதி எடுத்துப் போக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டை எடுத்துவிட்டால் அதுவே நாடு முழுக்கச் செல்லும். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. நாலு வரிதான்.

காலைக்கு ஐந்துக்கு நாலு. மாலைக்கு ஒன்று, அதுவும் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்ததற்காக.

செவ்வாய்க்கிழமை போகிறவர்களுக்கு: வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி வரலாம். கடை வாசல் வரை தெருச் சத்தம் இருக்கும், காது மூடியைச் சொந்தமாகக் கொண்டுபோங்கள். முன்வாசல் வேண்டாம், பக்கவாட்டுக் கதவு. லேபிள் எடுக்க வேண்டுமானால் 10.40-க்குள் நான்காவது மாடிக்கு ஏறிவிடுங்கள், டெய்லர் ஒருவர்தான். 11 மணிக்கு ஸ்பீக்கர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முழுச் சத்தத்தில் ஆரம்பிக்கிறது. மெதுவாக ஏற்றச் சொல்லியிருக்கிறோம். அது நடக்கும்வரை 10.55-க்கே பில்லைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.