வாக்யூம் மேசையும் மெய்யெழுத்தின் புள்ளியும்

திருத்தப் போன வாக்யூம் பம்ப் இந்தக் கிழமைதான் பட்டறைக்குத் திரும்பியது. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) தூள் பில்டரையும் தாண்டி உள்ளே போய்த் தேய்த்திருந்ததாம். அதற்குள் சுன்னாகத்தில் புதிதாகப் பட்டறை போடும் நண்பன் கேட்கிறான்: "மச்சான், ரூட்டரை வாக்யூம் மேசையோட எடுக்கட்டோ, வெறும் டி-ஸ்லாட் காணுமோ?" ரூட்டர் என்றால் சுழலும் பிட்டால் பலகையை வெட்டும் மெஷின். வாக்யூம் மேசை அடியிலிருந்து காற்றை உறிஞ்சிப் பலகையைப் பிடிக்கும்; டி-ஸ்லாட் என்றால் மேசையின் பள்ளங்களில் கிளாம்ப் பூட்டி இறுக்க வேண்டும். போனில் பாதிதான் சொன்னேன்.

எட்டடிக்கு நாலடி பிளைவூட்டில் பான்ட்ரி கபேட் வெட்டுவதற்கு வாக்யூம் மேசைக்கு நிகர் இல்லை. பலகையைப் போட்டு வால்வைத் திறந்தால் சரி. வழியில் கிளாம்ப் எதுவும் இல்லாததால் பிட் ஓரம்வரை தடையில்லாமல் ஓடும். லேசாக வளைந்த பலகைகூடப் படிந்துவிடும்.

எனக்குக் கோபம் வருவது பெயர்ப்பலகை வேலையில்தான். 'யாழ்ப்பாணம்' என்று வெட்டினாலே மூன்று புள்ளி, மூன்றும் தனித்தனித் துண்டு. காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. எவ்வளவு பெரிய பம்ப் வாங்கினாலும் அதற்கு மேல் பிடி கிடையாது. 60க்கு 30 சென்டிமீட்டர் பலகை என்றால், கசிவில் பாதி போனாலும் 900 கிலோ அழுத்தம் மிஞ்சும். 12 மில்லிமீட்டர் புள்ளிக்கு அரைக் கிலோ சொச்சம்தான். பிட் சுற்றிவந்து கடைசி இழையை அறுக்கும்போது அந்தப் பிளவாலும் காற்று புகுந்துவிடும். உடனே புள்ளி பறக்கும். அக்ரிலிக் என்றால் விளிம்பு உடைந்துதான் கைக்கு வரும். அப்கட் பிட் துண்டை மேலே இழுக்கும், டவுன்கட் போட்டால் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். புள்ளி பலகையோடு ஒட்டி நிற்கச் சின்னப் பாலம் விட்டு வெட்டலாம். ஆனால் பிறகு அதை அரத்தால் ராவும்போது புள்ளியின் வட்டம் கெட்டுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் மேசைமேல் போட்ட எம்டிஎஃப் ஊதி, மட்டம் போய், எல்லாவற்றையும் திரும்பச் சீவ வேண்டும்.

இந்த எரிச்சலை ஒழித்தது மாஸ்கிங் டேப்பும் சூப்பர் குளூவும். மேசைப் பலகையில் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக ஒட்ட வேண்டும். வெட்டப்போகும் துண்டின் அடியிலும் அப்படியே. நகத்தால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டு, ஒரு பக்க டேப்பில் குளூவைக் கோடு கோடாக விட்டு, மற்றதை வைத்து அரை நிமிடம் அழுத்தினால் போதும். குளூ மரத்தில் படுவதே இல்லை, டேப்போடு டேப்தான் ஒட்டுகிறது. வெட்டி முடிந்து தூளை ஊதிப் பார்த்தால் 'ழ்'-இன் புள்ளி வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். மெல்லிய தகட்டை நுழைத்துக் கிளப்பினால் கறையில்லாமல் வரும். முதன்முதல் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! சீவாத பனம்பலகையில் மட்டும் இது சரிவராது; சிராயிலும் தூசியிலும் டேப் பிடிக்காது. முதலில் சீவி, துடைத்து எடுக்க வேண்டும். கனத்த முதிரைப் பலகையில் ஆழமாகச் செதுக்குவதென்றால் கிளாம்ப்தான், வேறு பேச்சில்லை.

ஆகவே மச்சான், பெயர்ப்பலகையும் கோயில் வேலையும்தான் உன் தொழில் என்றால் வாக்யூம் மேசை எடுக்காதே. டி-ஸ்லாட் போதும். பம்ப் ஓட்டுகிற கரண்ட் பில்லும் மிச்சம். என்னுடையதை விற்கிறாயா என்று மட்டும் கேட்காதே, தரமாட்டேன். அடுத்த மாதம் கோண்டாவிலில் பெரிய பான்ட்ரி வேலை ஒன்று இருக்கிறது.