கருத்தரிப்பு நாள் காட்டும் பட்டைகள்: ஓராண்டுக்கும் மேலான பயன்பாட்டு அனுபவம்

கருமுட்டை வெளியேறும் நாளை முன்கூட்டியே அறிவதற்கான சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டைகளைக் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் மருந்தகங்களில் வாங்கி ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். எல்எச் என்னும் ஹார்மோன் திடீரென உயர்வதை இவை பட்டையில் தோன்றும் கோட்டின் அடர்த்தியால் காட்டுகின்றன. உயர்வு தொடங்கி ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியேறும். முட்டையின் ஆயுள் ஒரு நாளுக்கு மேல் இல்லை. விந்தணுவோ உடலுக்குள் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும் என்பதால், கோடு அடர்ந்த பிறகுதான் சேர வேண்டும் என்று காத்திருப்பது நல்ல நாள்களை வீணாக்குவதாகும்.

கோட்டைப் படிப்பதில்தான் பலருக்கும் குழப்பம். கர்ப்பப் பரிசோதனையில் மங்கலான கோடும் கணக்கில் சேரும். இந்தப் பட்டையிலோ சோதனைக் கோடு, பக்கத்தில் எப்போதும் தோன்றும் ஒப்பீட்டுக் கோட்டுக்கு இணையாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால் மட்டுமே உயர்வு என்று கொள்ள வேண்டும். பட்டைகளைத் தேதியிட்டு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக ஒட்டி வந்ததில், வெளிர் ரோஜா நிறம் படிப்படியாகக் கருஞ்சிவப்பாவதைக் காண முடிந்தது. ஆனால் முடிவை உறையில் சொன்ன நிமிடங்களுக்குள் பார்த்துக் குறித்துவிட வேண்டும். காய்ந்தபின் தெரியும் நிறத்தை நம்பக்கூடாது.

உயர்வு பெரும்பாலும் அதிகாலையில் தொடங்கி, சிறுநீரில் சில மணி நேரம் கழித்தே தென்படுவதால், நான் பயன்படுத்தும் வகைக்கு விடியற்காலைச் சிறுநீர் ஏற்றதன்று. அலுவலகத்தில் மதிய இடைவேளையின்போது சோதிக்கிறேன். அதற்கு முந்தைய 2 மணி நேரம் தண்ணீரையும் தே தாரேக் என்னும் பால் தேநீரையும் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் இதுவே பெரிய சோதனை. மாதவிடாய்ச் சுழற்சி 28 நாள் என்றால் 11ஆம் நாள் தொடங்கினால் போதும். சுழற்சி ஒழுங்கற்றிருந்தால் பட்டைகள் கூடுதலாகச் செலவாகும். சிரித்த முகம் காட்டும் டிஜிட்டல் வகை விலை அதிகம்; நிறத்தை ஒப்பிடத் தயங்குவோருக்கு மட்டுமே அது தேவை என்பது என் கருத்து.

சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எல்எச் எப்போதும் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், கோடு பல நாள் அடர்த்தியாகவே தெரிந்து ஏமாற்றலாம். அதோடு, உயர்வைக் காட்டும் பட்டை முட்டை வெளியேறியதை உறுதிப்படுத்துவதில்லை. அதற்கு ஒரு வாரம் கழித்து எடுக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனுக்கான இரத்தப் பரிசோதனை வேண்டும். “விசேஷம் உண்டா?” என்று அத்தைமார்கள் என்னை மட்டும் கேட்டாலும், மருத்துவர் அந்தப் பரிசோதனையுடன் கணவருக்கும் விந்தணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். 35 வயதுக்குட்பட்டோர் ஓராண்டு முயன்ற பின்னும், அதற்கு மேற்பட்டோர் 6 மாதத்திலும் மருத்துவரை அணுகுவதே நடைமுறை.