12 ஆண்டுகளாகச் சுற்றும் கைப்பிடி

கையால் சுற்றும் பாஸ்தா இயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு என்று கணக்கு வைத்தாலும் 300 தடவையை நெருங்கியிருக்கும். வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வீட்டில் எத்தனை பேர் என்றுதான் நான் முதலில் கேட்பேன். இந்த இயந்திரத்துக்கு மூன்று கை வேண்டும். மாவை மேலே கொடுக்க ஒன்று, கைப்பிடியைச் சுற்ற ஒன்று, கீழே இறங்கும் பட்டையை ஏந்த ஒன்று. தனியாகவும் செய்யலாம்தான். நானே பலமுறை செய்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பட்டை எங்கேயாவது மடிந்து ஒட்டிக்கொள்ளும்.

இது வருவதற்கு முன்னால் அம்மா உருட்டுக்கட்டையால்தான் தேய்ப்பார். கட்டையில் தேய்த்த மாவின் மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், சாஸ் அதில் நன்றாகப் பிடிக்கும். இயந்திரத்தின் எஃகு உருளை மாவை வழவழப்பாக்கிவிடுகிறது. ருசி என்று மட்டும் பார்த்தால் அம்மாவின் கட்டைக்குத்தான் என் ஓட்டு. ஆனால் நான்கு பேருக்குத் தேய்த்து முடிப்பதற்குள் அவருக்குத் தோள்பட்டை போய்விடும். அதனால்தான் வாங்கினோம்.

மாவுக் கணக்கு எளிது: 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, ஓர் ஆளுக்கு அந்த அளவு. எல்லா முட்டையும் ஒரே எடை இல்லை என்பது முதல் ஆண்டு முழுவதும் எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு நாள் மாவு கல்லாக இருக்கும், மறுநாள் விரலோடு வரும். இப்போது கொஞ்சம் மாவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பதம் பார்த்துச் சேர்க்கிறேன். பத்து நிமிடம் பிசைந்து, மூடி, அரை மணி நேரம் விட வேண்டும். பிசையும்போது மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகிவிடும், இந்த ஓய்வில்தான் அது தளரும். அவசரப்பட்டு உடனே உருளையில் விட்டால் பட்டை ரப்பர் மாதிரி சுருங்கும், ஓரமெல்லாம் கிழியும். எங்கள் வீட்டில் அந்த அரை மணி நேரம்தான் கதை பேசும் நேரம். வெங்காயம் நறுக்குகிறவர்தான் அழுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள்.

உருளைகளின் இடைவெளிக்கு 1 முதல் 7 வரை எண்கள் உண்டு. 1-இல் வைத்து மூன்று நான்கு தடவை மடித்து மடித்து விட்டால் மாவு பட்டுப்போல ஆகும். அப்புறம் ஒவ்வோர் எண்ணாக ஏற்ற வேண்டும். ஆர்வத்தில் நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் கிழியும். நாங்கள் 5-இல் நிறுத்திவிடுவோம். 7 வரை போனால் அந்தப் பக்கம் வைத்த கை தெரியும், எங்கள் கனமான சாஸை அது தாங்காது.

அந்த சாஸ் இத்தாலியின் போலோன்யா ஊரின் ராகு. பெயரைக் கேட்டதும் அப்பா, “கிரகமா?” என்றார், இன்றுவரை அதை விடவில்லை. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி மெல்லிய தீயில் வதக்கி, கொத்துக்கறி சேர்த்து, கொஞ்சமாகத் தக்காளி, கடைசியில் பால். இரண்டு மணி நேரமாவது கொதிக்க வேண்டும். 1982-இல் இத்தாலிய சமையல் அகாடமி இதன் செய்முறையைப் போலோன்யா வணிகச் சபையில் பதிவே செய்து வைத்தது. தக்காளி அதில் ஐந்து கரண்டிதான். அதற்கும் முன்பே, 1972-இல், தாலியாடெல்லே என்ற நாடா மாதிரியான பாஸ்தா நூலின் அகலத்தையும் பதிந்துவிட்டார்கள்: வெந்த பிறகு 8 மில்லிமீட்டர்.

இதை எங்கோ படித்துவிட்டு என் தங்கை ஒருநாள் அளவுகோலோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். பட்டையை நூலாக நறுக்கும் எங்கள் இயந்திரத்தின் வெட்டி உருளை தரும் அகலம் ஆறரை மில்லிமீட்டர், வெந்ததும் ஏழரை வந்தது. “அரை மில்லிமீட்டர் ஏமாற்றுகிறீர்கள்” என்று அவள் சொல்ல, அப்பா ஒரு நூலை முள்கரண்டியில் எடுத்து, “இன்னும் ஒரு நிமிடம் வேகவிட்டால் ஊதிக்கொள்ளும், உட்கார்” என்றார். புதுப் பாஸ்தா இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும், அந்த இன்னொரு நிமிடத்தில் கூழாகியிருக்கும். சமையல் தெரியாதவரின் சமாதானம்தான். ஆனாலும் அந்த அளவுகோல் இன்றும் கரண்டிகளோடுதான் கிடக்கிறது.

வேகவைத்த தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள். மாவுச்சத்து கரைந்த அந்தக் கலங்கல் நீரில் ஒரு கரண்டி ஊற்றிப் புரட்டினால்தான் எண்ணெயும் சாஸும் பிரியாமல் நூலோடு சேரும்.

இனி குறைகள். கைப்பிடியைத் துளையில் செருகுவது மட்டும்தான், பூட்டு எதுவும் கிடையாது. வேகமாகச் சுற்றினால் கழன்று விழும். அப்பாவின் கால் கட்டைவிரலில் இரண்டு முறை விழுந்திருக்கிறது. தரை ஓட்டில் ஒரு சில்லும் பெயர்ந்திருக்கிறது. மேசையோடு இறுக்கும் திருகு ஏழாவது ஆண்டில் மரை தேய்ந்து போனது, வேறொன்று தேடிப் போட்டோம். பெரிய தவறு எங்களுடையது: முதல் வாரமே தண்ணீரில் கழுவினேன். உருளையின் ஓரத்தில் துரு வந்தது, உள்ளே தங்கிய மாவு பசையாகி இறுகியது. ஒரு மாலை முழுவதும் குச்சியால் நோண்டினேன். இதற்குத் தண்ணீரே ஆகாது. ஒட்டிய மாவைக் காயவிட்டு பிரஷ்ஷால் தட்டினால் போதும். அடுத்த முறை தொடங்கும்போது ஒரு துண்டு மாவை ஓடவிட்டுத் தூக்கி எறிந்தால் மிச்சமும் வந்துவிடும்.

மோட்டார் இணைப்பும் கிடைக்கிறது. அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது வாங்கலாமா என்று யோசித்தோம். அவர் ஒப்பவில்லை. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து பட்டையை ஏந்துகிறார், அதற்கு வேகம் தேவையில்லை. மாவு கொடுப்பது நான், கைப்பிடி என் மகளிடம். அவளுக்கு ஒன்பது வயது, நிதானம் என்பதே கிடையாது.

போன மாதமும் கைப்பிடி கழன்றது. அது தரையில் விழுவதற்குள் அவள் காலை இழுத்துக்கொண்டாள். அப்பா தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.