மைன்கிராஃப்டுக்குள் ஒரு நூலகம் – போய்ப் பார்த்தேன், நீங்களும் போங்கள்

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் என் மகள் எப்போதும் எதையாவது கட்டிக்கொண்டிருப்பாள், நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதற்குள் இருக்கும் 'அன்சென்சார்ட் லைப்ரரி' (தணிக்கையில்லா நூலகம்) பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2020 மார்ச்சில் திறந்தது இது. சொந்த நாட்டில் தடை செய்யப்பட்ட கட்டுரைகளை விளையாட்டுக்குள் இருக்கும் புத்தகங்களில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். செய்தித் தளத்தை முடக்குகிற அரசுக்குப் பிள்ளைகளின் விளையாட்டை முடக்கத் தோன்றாது என்ற கணக்கு.

கட்டடம் பிரமாண்டம். ஒன்றேகால் கோடி கட்டைகளாம். எகிப்து, ரஷ்யா, சவுதி, வியட்நாம், மெக்சிகோ என்று தொடங்கியபோது ஐந்து நாடுகள். சவுதி அறையில் அந்நாட்டுப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகியின் எழுத்து இருக்கிறது, 2018 அக்டோபரில் இஸ்தான்புல்லில் உள்ள சவுதி துணைத் தூதரகத்துக்குள் போனவர் உயிரோடு திரும்பவில்லை என்பது தெரிந்ததுதான்.

என்னால் நகர முடியாமல் போனது மெக்சிகோ அறையில். மற்ற நான்கு இடங்களில் தளத்தை முடக்குவார்கள், எழுதியவரைச் சிறையில் போடுவார்கள். மெக்சிகோவிலோ தேர்தல் நடக்கிறது, ஆட்சி மாறுகிறது, பத்திரிகை கடையில் கிடைக்கிறது, எழுதுகிறவரைத்தான் நடுத்தெருவில் சுட்டுவிடுகிறார்கள். 2017 மார்ச்சில் மிரோஸ்லாவா ப்ரீச் என்ற பெண் பத்திரிகையாளர் கொல்லப்பட்டபோது, இந்த நரகத்தைப் பற்றி எழுதுவதற்கு மரணம்தான் தண்டனை என்றால் எங்கள் எல்லோரையும் கொல்லட்டும், மௌனம் மட்டும் வேண்டாம் என்று ட்விட்டரில் எழுதினார் இன்னொரு மெக்சிகோ பத்திரிகையாளர் ஹாவியர் வால்தேஸ். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மே 15 அன்று குலியாக்கான் நகரில் பட்டப்பகலில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அந்த மனிதரின் எழுத்தைத்தான் இங்கே படிக்கிறோம். வாக்குச்சீட்டு இருந்துவிட்டால் பேச்சுரிமையும் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் முதலில் இந்த அறைக்குப் போங்கள்.

குறைகளும் உண்டு. விளையாட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், கணினியில் ஓடும் ஜாவா பதிப்பு வேண்டும். புத்தகத்தின் ஒரு பக்கத்தில் சில வரிகள்தான் அடங்கும், எழுத்தும் கட்டம் கட்டமாக இருப்பதால் நீண்ட கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் கண் வலிக்கிறது. மூல மொழியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருப்பதால் மகளுக்கு நான் வரி வரியாகத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம், கட்டடத்தின் அழகில் மயங்கி ஒரு புத்தகத்தையும் திறக்காமல் வெளியே வந்துவிட நிறைய வாய்ப்பிருக்கிறது.

நடு மண்டபத்தில் 180 நாடுகளின் ஊடகச் சுதந்திரத் தரவரிசை. மகள் நேராக இந்தியாவைத் தேடிப் போனாள். 2020 பட்டியலில் நமக்கு 142ஆவது இடம். ஏன் என்று கேட்டாள், அன்று இரவுச் சாப்பாடு முழுக்க அந்தப் பேச்சுதான்.

ஒரு யோசனை: இணையத்தில் இருக்கும் சர்வரில் பார்ப்பதோடு விடாமல் நூலகம் முழுதும் அடங்கிய வரைபடக் கோப்பையே இலவசமாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்ட்டில் காஷ்மீரில் செய்ததுபோல இணையத்தையே நிறுத்தினாலும் அது உங்கள் கணினியில் திறக்கும். எங்கள் வீட்டில் இறக்கியாயிற்று. வியட்நாம் அறை இன்னும் பாக்கி, சனிக்கிழமை போகிறோம்.